கொல்லிமலைச் சாமையும் மைசூர் ஆஸ்பத்திரி நோட்டும்

கொல்லிமலைக்குப் போயிட்டு வர்ற நம்ம ஆளுங்க எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே படத்தைத்தான் போடுவாங்க. எழுபது கொண்டை ஊசி வளைவு, ஆகாய கங்கை, அறப்பளீஸ்வரர் கோயில், கடைசியா மிளகு, தேனோட ஒரு பொட்டலம் சாமை அரிசி. அந்தப் பொட்டலத்துக்குத் துணையா ஒரு வசனமும் வரும். "மலையில அந்தக் காலத்துல இதைத்தான் சாப்பிட்டாங்க, ஒருத்தனுக்கும் ஹார்ட் அட்டாக் கிடையாது."

எனக்கு இந்த வசனத்து மேல ரொம்ப நாளா ஒரு சந்தேகம். சாமை மேல இல்லைங்க, சாமை நல்ல தானியம்தான். அம்பது வயசுல கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டைப் பாத்து பயந்துபோய்ச் சாமைக்கு மாறுறவரோட இதயம், அதுக்கு அம்பது வருஷம் முன்னாடியே பாதி தீர்மானம் ஆகியிருந்தா? அவங்க அம்மா என்ன சாப்பிட்டாங்கங்கறதுதான் கேள்வின்னா? இதைத் தேடப் போய் கொஞ்சம் சரித்திரம் கிடைச்சுது. நீளமான பதிவு, டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

முதல்ல மலை. கொல்லிமலை இப்ப நாமக்கல் மாவட்டம். 1997-க்கு முன்னாடி சேலம் மாவட்டம். மேல இருக்கற ஊர்களை வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடுன்னு நாடு நாடாத்தான் சொல்றாங்க. அங்க வாழற மலையாளி பழங்குடி மக்களுக்கும் கேரளாவுக்கும் சம்பந்தம் இல்லை. மலையை ஆள்றவங்க, அவ்ளோதான். காஞ்சிபுரத்துல இருந்து வந்த மூணு அண்ணன் தம்பிங்களோட வம்சம்னு அவங்க கதை சொல்லும்.

வல்வில் ஓரி காலத்துல இருந்து கொல்லிமலைன்னா பலாவும் தேனும்னு நாம படிச்சு வச்சிருக்கோம். நிஜமான சாப்பாடு என்னவோ மேட்டு நிலத்துல வெளைஞ்ச சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு. பள்ளத்துல தண்ணி நிக்கற இடத்துல மட்டும் நெல்லு. சாமையிலயே மல்லியச்சாமை, கட்டவெட்டிச்சாமை, பெருஞ்சாமைன்னு வகை இருக்கு. ஒண்ணு சீக்கிரம் வெளையும், ஒண்ணு மெதுவா வெளையும். கூடவே அவரை, துவரை, காட்டுக் கீரை, கிழங்கு, பலா. பேப்பர்ல பாத்தா அருமையான பட்டியல். ஆனா அறுவடைக்கு முந்தின மாசங்கள்ல குதிர் காலியாகும். மலைக் காய்ச்சல் வேற. பேர்லயே 'கொல்லி' இருக்கறது இந்தக் காய்ச்சலாலதான்னு சொல்றவங்களும் உண்டு. கர்ப்ப காலத்துல மலேரியா வந்தா குழந்தை எடை குறைஞ்சு பிறக்கும். அதனால அந்தக் காலத்துல மலையில எல்லாரும் இரும்பு மாதிரி இருந்தாங்கன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். நாம இன்னைக்குப் பாக்கற தொண்ணூறு வயசுத் தாத்தா, அந்தக் காலத்தைத் தாண்டி வந்த ஆள். தாண்டாம போனவங்க நமக்கு எப்படித் தெரிவாங்க?

அப்புறம் மரவள்ளி வந்துச்சு. இரண்டாம் உலகப் போர் சமயத்துல வெளிநாட்டு மாவுச்சத்து வரத்து நின்னுபோக, 1940கள்ல சேலத்துல ஜவ்வரிசித் தொழில் முளைச்சுது. 1981-ல சேகோசர்வ்ங்கற கூட்டுறவுச் சங்கமே வர்ற அளவுக்கு அது வளந்துபோச்சு. அந்த மில்லுங்களுக்கு கிழங்கு வேணும். மலை மேல மேட்டு நிலம் சும்மாவா இருக்கு? சாமை போட்ட காட்டுல குச்சிக்கிழங்கு ஏறுச்சு. கையில காசு வந்துச்சு. வீட்டுல ரேஷன் அரிசி வந்துச்சு. கடைசி முப்பது நாப்பது வருஷத்துல சாமை நிலத்துல பெரும்பகுதி போயிடுச்சு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990கள்லயே மலைக்கு வந்து விதை சேத்து, விதை வங்கி வச்சு மல்லுக்கட்டினதும் இதுக்காகத்தான்.

இப்ப ஒரு விஷயத்தை கவனிங்க. இந்த மாற்றம் நடந்த காலத்துல பிறந்த குழந்தைங்களோட எடை எவ்வளவு? யாருக்கும் தெரியாது. பிரசவம் எல்லாம் வீட்டுல. தராசு கிடையாது, நோட்டு கிடையாது. அம்மா வயித்துல பட்ட பட்டினிக்கும் அம்பது வயசு நெஞ்சு வலிக்கும் முடிச்சு போடணும்னா, நடுவுல யாரோ ஒருத்தர் எடை போட்டு எழுதி வச்சிருக்கணும். எழுதி வச்ச இடத்துக்குத்தான் நாம போகணும்.

*

அப்படி எழுதி வச்ச முதல் ஊர் இங்கிலாந்துல ஹெர்ட்ஃபோர்ட்ஷயர். தென்னாப்பிரிக்கால 1899-1902 போயர் போருக்கு ஆள் எடுத்தப்ப, வந்த இளைஞர்கள்ல நிறைய பேர் சோப்ளாங்கியா இருந்து திருப்பி அனுப்பப்பட்டாங்க. சாம்ராஜ்யத்துக்கு சிப்பாய் கிடைக்கலைன்னதும் அரசாங்கத்துக்கு திடீர்னு குழந்தைங்க மேல பாசம் பொங்கிடுச்சு :) அந்த மாவட்டத்துல எதெல் மார்கரெட் பர்ன்சைடுன்னு ஒரு தலைமை நர்ஸம்மா. 1911-ல இருந்து அவங்க ஏற்பாட்டுல பிறக்கற குழந்தைக்கு எடை போட்டு, நர்சுங்க வீடு வீடா போய்ப் பாத்து, ஒரு வயசுல மறுபடி எடை போட்டு, தாய்ப்பாலா புட்டிப்பாலான்னு சேத்து லெட்ஜர்ல எழுதினாங்க. 1948 வரைக்கும் எழுதினாங்க. அப்புறம் அந்த லெட்ஜர்கள் தூசி படிஞ்சு கிடந்துச்சு.

1980கள்ல சவுத்தாம்ப்டன்ல டேவிட் பார்க்கர்னு ஒரு டாக்டர். இங்கிலாந்து வரைபடத்துல மாரடைப்புச் சாவு எங்கெங்க அதிகம்னு குறிக்கறார். பணக்கார வியாதின்னு பேரு, ஆனா ஏழை ஊர்கள்லதான் அதிகம். 1920கள்ல எந்த ஊர்ல சிசு மரணம் அதிகமோ, அம்பது வருஷம் கழிச்சு அதே ஊர்லதான் மாரடைப்பும். 1986-ல இதை எழுதினார். நார்வேயோட வடகோடியில அண்டர்ஸ் ஃபோர்ஸ்டால்ங்கற டாக்டர் 1977-லயே இதைச் சொல்லிட்டார். குழந்தையா வறுமையில வளந்து, அப்புறம் வசதி வந்தவங்களுக்குத்தான் ஆபத்துன்னு அவர் கணிப்பு. அப்ப யாரும் பெருசா கண்டுக்கலை. கோடியில இருக்கற டாக்டர் பேச்சு மெதுவாத்தானே ஊருக்குள்ள வரும்.

பார்க்கர் ஆளுங்க பழைய ஏடுகளைத் தேடி அலைஞ்சு அந்த நர்ஸம்மா லெட்ஜரைப் பிடிச்சாங்க. 1911-ல இருந்து 1930-க்குள்ள பிறந்த 5654 ஆண்கள். 1989-ல முடிவு வந்துச்சு. நாட்டுச் சராசரி மாரடைப்புச் சாவு 100-னு வச்சா, ஒரு வயசுல 18 பவுண்டோ (8 கிலோ சொச்சம்) அதுக்குக் கீழயோ இருந்தவங்களுக்கு 111, 27 பவுண்டு தாண்டினவங்களுக்கு 42. ஒரு வயசு எடை, அறுபது வயசுச் சாவைச் சொல்லுது!

உடனே எதிர்ப்பும் வந்துச்சு, நியாயமான எதிர்ப்பு. நோஞ்சான் குழந்தை ஏழை வீட்டுக் குழந்தை. அது வளந்தும் ஏழையாத்தான் இருந்திருக்கும், சிகரெட் குடிச்சிருக்கும். எடை மேல ஏன் பழி போடறீங்கன்னு கேட்டாங்க. இதுக்குப் பதில் சொல்ல வேற ஊர், வேற மாதிரி வாழ்க்கை வேணும்.

*

அந்த ஊர் நமக்குப் பக்கத்துலதான் இருந்துச்சு. கொல்லிமலை அருவித் தண்ணி ஐயாறா இறங்கிப் போய்ச் சேர்ற அதே காவிரிக்கு, நாம போற திசைக்கு எதிர்த்தாப்புல மேல ஏறிப் போனா வர்ற மைசூர்.

மைசூர்ல 1906-ல மெதடிஸ்ட் மிஷன் ஆரம்பிச்ச ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனை. ஊர்க்காரங்களுக்கு மிஷன் ஆஸ்பத்திரி. 1934-ல இருந்து அங்க பிறந்த குழந்தைங்களோட எடை, நீளம், தலைச் சுற்றளவு, அம்மாவோட எடை எல்லாம் பிரசவ நோட்டுல இருக்கு. கரையானுக்கும் பழைய பேப்பர்காரருக்கும் தப்பிச்சு அது பிழைச்சதே பெரிய விஷயம். நம்ம ஊர்ல அறுவது வருஷப் பேப்பர் ஒண்ணு உருப்படியா இருக்கறதை நான் கல்வெட்டுக்குச் சமமா மதிக்கறேன்.

1990கள்ல சவுத்தாம்ப்டன் ஆராய்ச்சியாளர்களும் மைசூர் டாக்டர்களும் சேந்து, ஆஸ்பத்திரிக்கு அக்கம்பக்கத்துல இன்னும் குடியிருக்கற, 1934-லிருந்து 1954-க்குள்ள அங்க பிறந்த 517 பேரைக் கண்டுபிடிச்சாங்க. ஈ.சி.ஜி. எடுத்தாங்க, நெஞ்சு வலி பத்தி விசாரிச்சாங்க. 1996-ல லான்செட் இதழ்ல முடிவு. பிறக்கும்போது இரண்டரை கிலோவும் அதுக்குக் கீழயும் இருந்தவங்கள்ல 11 சதவீதத்துக்கு இதய நோய். மூணு கிலோவுக்கு மேல நல்ல எடையில பிறந்தவங்கள்ல 3 சதவீதம். நாப்பத்தஞ்சு வயசு தாண்டினவங்ககிட்ட இது இன்னும் தெளிவா தெரிஞ்சுது. குழந்தையும் இரண்டரை கிலோவுக்குள்ள, அம்மாவும் நூறு பவுண்டுக்கு, அதாவது 45 கிலோவுக்குக் கீழ அப்படின்னு இருந்தா 20 சதவீதம். அஞ்சுல ஒருத்தர்.

நான் இந்த இடத்துல கொஞ்ச நேரம் நின்னுட்டேன். குழந்தையோட எடை மட்டும் பேசலை, அம்மாவோட எடையும் பேசுது. 1934-ல கர்ப்பமா இருந்த ஒரு பொண்ணு நாப்பத்து மூணு கிலோன்னா, அது அந்த ஒன்பது மாசத்துச் சாப்பாட்டுக் கணக்கு இல்லை. அவ சின்னப் பொண்ணா இருந்தப்ப அண்ணன் தம்பிக்கு வச்சது போக மிச்சம் சாப்பிட்டதும், அவ அம்மா சாப்பிட்டதும் அதுக்குள்ள இருக்கு. நம்ம வீடுகள்ல கடைசியா, சட்டியை வழிச்சுச் சாப்பிடறது யாருன்னு உங்களுக்கே தெரியும்.

இது எப்படி நடக்குதுன்னு எனக்குப் புரிஞ்ச மட்டும் சொல்றேன், டாக்டர் நண்பர்கள் திருத்தலாம். வயித்துல இருக்கற குழந்தைக்கு வரத்து கம்மியானா, அது முதல்ல மூளையைக் காப்பாத்தும். மத்த உறுப்புகளுக்கு பட்ஜெட் வெட்டு. சிறுநீரகத்துல இருக்கற வடிகட்டிகளோட எண்ணிக்கை பிறக்கறதுக்கு முன்னாடியே முடிவாயிடும், அப்புறம் புதுசா வராது. இதயத் தசை செல்களும் பெரும்பாலும் அப்படித்தான். ரத்தக் குழாயோட இழுவைத் தன்மையும் அப்பவே அமையுது. கம்மியான வடிகட்டியோட பிறந்தவனுக்கு நாப்பது வயசுல பீபி ஏறுனா, உப்பை மட்டும் குத்தம் சொல்லி என்ன பண்ண?

அப்ப குறைஞ்ச எடையில பிறந்தா தலையெழுத்தா? இல்லை. இங்கதான் ஃபோர்ஸ்டால் பேச்சு திரும்ப வருது. டெல்லியில 1969-72ல பிறந்த குழந்தைங்களைத் தொடர்ந்து அளந்துட்டே வந்த ஒரு ஆய்வு 2004-ல வெளிவந்துச்சு. இருபத்தாறு முப்பது வயசுல சர்க்கரைக் கோளாறு வந்தவங்க யாருன்னு பாத்தா, ரெண்டு வயசு வரைக்கும் ஒல்லியா இருந்து, அதுக்கப்புறம் வருஷா வருஷம் மத்தவங்களை விட வேகமா சதை போட்டவங்க. அவங்கள்ல பலர் குண்டுப் பிள்ளைங்களே இல்லை! தன்னோட பழைய அளவுக்கு மேல ஏறினதுதான் பிரச்சினை. புனேல டாக்டர் யாக்னிக் குழுவும் இதோட இன்னொரு பக்கத்தைப் பிடிச்சுது. அங்க கிராமத்துக் குழந்தை சராசரியா 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தை 3.5 கிலோ. நம்ம குழந்தைகிட்ட தசை கம்மி, ஆனா தோலுக்கடியில கொழுப்பு அவ்வளவா குறையலை. பாக்க ஒல்லி, உள்ள கொழுப்பு.

போர்க்கால ஐரோப்பாவும் இதையே சொல்லுது. 1944-45 குளிர்காலத்துல ஹாலந்துல ரேஷன் ஒரு நாளைக்கு 400-லிருந்து 800 கலோரி வரைக்கும் இறங்கிப்போச்சு. கரு உண்டான ஆரம்ப மாசங்கள்ல அந்தப் பட்டினியில மாட்டினவங்களுக்கு அம்பது வயசுல இதய நோய் அதிகம். பிறக்கும்போது அவங்க எடை சரியாத்தான் இருந்துச்சு, ஏன்னா கடைசி மாசங்கள்ல சாப்பாடு திரும்பிடுச்சு. லெனின்கிராட் முற்றுகையில கருவுல இருந்தவங்களை 1990கள்ல சோதிச்சப்ப சர்க்கரை, கொழுப்புல பெரிய வித்தியாசம் தெரியலை. அங்க முற்றுகைக்கு அப்புறமும் ரொம்ப நாள் பஞ்சம்தான், திடீர் வசதி வரலை. பட்டினி மட்டும் ஆளைக் கவுக்கலை. பட்டினிக்குத் தயாரான உடம்பு விருந்துல போய் மாட்டினா கவுத்துது.

இப்ப கொல்லிமலையை நினைச்சுப் பாருங்க. குதிர் காலியான மாசத்துல உண்டான கரு. அப்புறம் கிழங்குப் பணம், வெள்ளை அரிசி, கடை எண்ணெய், பஸ்ஸு, மோட்டார் பைக்கு. ஒரே ஆயுசுக்குள்ள ரெண்டு உலகம். மலையில மட்டுமா? சேலத்துக்கும் சென்னைக்கும் துபாய்க்கும் போன நம்மள்ல பாதி பேர் கதை இதுதான்.

*

இங்க ஒரு கிளைக்கதை. நம்ம சாப்பாட்டை முதல்ல சந்தேகப்பட்டதும் தமிழ்நாட்டு மலையிலதான். குன்னூர்ல ராபர்ட் மெக்காரிசன்னு ஒரு ராணுவ டாக்டர், 1920கள்ல இந்தியாவோட ஒவ்வொரு பகுதிச் சாப்பாட்டையும் எலிகளுக்குப் போட்டு வளத்தார். சப்பாத்தி, பால், பருப்பு, காய், பழம் தின்ன சீக்கிய எலி 235 கிராம். பட்டை தீட்டின அரிசியும் துளி குழம்பும் தின்ன மதராஸி எலி 155 கிராம், ஏழு எலியில கடைசி :( அந்த ஆய்வுக்கூடம்தான் 1958-ல ஹைதராபாத்துக்குப் போய் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆச்சு. மெக்காரிசன் குறை சொன்னது அரிசியை இல்லை. தீட்டித் தீட்டி உமியோட சத்தையும் உரிச்ச அரிசியை, அதோட தட்டுல மத்ததெல்லாம் காணாம போனதை.

தட்டுல மத்தது முக்கியம்னு புனே கிராமங்கள்லயும் தெரிஞ்சுது. மொத்தக் கலோரியை விட, கர்ப்பிணி சாப்பிட்ட கீரை, பழம், பாலோடதான் குழந்தையோட பிறப்பு அளவு ஒத்துப்போச்சு. இன்னொண்ணு, கடுமையா உடலுழைப்பு செஞ்ச அம்மாவோட குழந்தை சின்னதா இருந்துச்சு. வயல் வேலை, தண்ணி தூக்கறது, வீட்டு வேலை எல்லாம் சேந்த உழைப்பு.

நம்ம சாமைப் பொட்டலத்தை வாங்கறவங்களுக்குத் தெரியாத சங்கதி இதுலதான் இருக்கு. சாமைக்கு உமி கெட்டி. உரல்ல போட்டு உலக்கையால குத்திக் குத்தி, புடைச்சு, மறுபடி குத்தணும். குத்தறது பொம்பளைங்க, வயித்துல பிள்ளையோடயும். சாமையைக் கைவிட்டதுக்கு மரவள்ளிக் காசு ஒரு காரணம்னா, உலக்கை இன்னொரு காரணம். ரேஷன் அரிசி வந்ததும் அந்த அம்மாக்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டிருந்தா அதுல என்ன தப்பு? "பாரம்பரியத்தை விட்டுட்டாங்களே"ன்னு புலம்பறவரை ஒரு மரக்கா சாமை குத்தச் சொல்லிப் பாக்கணும். அதனாலதான் சுவாமிநாதன் நிறுவனத்து ஆளுங்க விதை வங்கியோட நிறுத்தாம, மலைக் கிராமத்துல உமி நீக்கற மிஷினும் வச்சு மகளிர் குழுக்கள் கையில குடுத்தது எனக்கு ரொம்பப் புத்திசாலித்தனமா படுது. அந்த மிஷினை நான் இதய நோய்த் தடுப்புக் கருவின்னே சொல்வேன்.

ரேஷன் அரிசியைத் திட்டறவங்களோடயும் நான் சேர மாட்டேன். குதிர் காலியான மாசத்துல அடுப்பு எரிஞ்சது அதாலதான். தப்பு, அரிசியோட நின்னுபோனது. பருப்பும் கீரையும் முட்டையும் பாலும் அதே வேகத்துல மலை ஏறலை.

வயித்துக்குள்ள, ஆறு வயசுக்குள்ள சாப்பாட்டைச் சரி பண்ணினா நிஜமாவே இதயம் மாறுமாங்கறதுக்கு ஹைதராபாத் பக்கத்துக் கிராமங்கள்ல ஒரு பதில் இருக்கு. 1987-90ல சில கிராமங்கள்ல அங்கன்வாடி வழியா கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் சத்துணவு. பக்கத்துக் கிராமங்களுக்கு அந்தத் திட்டம் இன்னும் வரலை. ரெண்டு பக்கத்துலயும் ஏழைகள்தான், அதனால பார்க்கரைக் கேட்ட பழைய கேள்வி இங்க அவ்வளவா நிக்காது. பதிமூணுல இருந்து பதினெட்டு வயசுல 1165 பிள்ளைங்களை அளந்து 2008-ல எழுதினாங்க. சத்துணவு கிடைச்ச ஊர்ப் பிள்ளைங்க 14 மில்லிமீட்டர் உயரம். ஒண்ணரை சென்டிமீட்டர் கூட இல்லையேன்னு சிரிக்காதீங்க, ரத்தக் குழாய் விறைப்பு அவங்களுக்குக் குறைவு, இன்சுலினும் நல்லா வேலை செய்யுது. பந்தியில போட்ட கரண்டி, தமனியில தெரியுது.

தமிழ்நாடு இந்த விஷயத்துல பந்தியை சீக்கிரம் போட்ட ஊர்தான். 1956-ல காமராஜர் காலத்து மதிய உணவு, 1982 ஜூலை 1-ல எம்.ஜி.ஆர். சத்துணவு. ஆனா இந்தக் கணக்குப்படி பள்ளிக்கூடத்துல உக்காந்து சாப்பிடற வயசு கொஞ்சம் லேட்டு. 1980-ல மதுரை மாவட்டத்துல ஆரம்பிச்ச ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மூணு வயசுக்குள்ள குழந்தைங்களை மாசா மாசம் எடை போட்டு, எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் தனியா உணவு குடுத்துது. அதைப் பத்தி யாரும் மேடையில பேசறதில்லை, பெரிய பேனரும் இல்லை. என்னைக் கேட்டா எதிர்கால மாரடைப்பைக் குறைக்கறதுல அதுக்கும் பெரிய பங்கு உண்டு. கர்ப்பிணிகளுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பேர்ல 1987-ல ஆரம்பிச்ச உதவித்தொகை, 2018-ல 18,000 ரூபாய் ஆகி, அதுல ஒரு பகுதி ஊட்டச்சத்துப் பெட்டகமாவே போச்சு.

2023-ஐ சர்வதேச சிறுதானிய ஆண்டுன்னு கொண்டாடினதுல சாமைக்கு நல்ல மவுசு. பட்டணத்துல பிஸ்கட், நூடுல்ஸ், தோசை மாவு எல்லாத்துலயும் சாமை. விலை ஏறினா வெளைவிக்கறவங்களுக்கு லாபம்தான், வேண்டாங்கலை. ஆனா அந்தச் சாமை மலையை விட்டு இறங்கி அம்பது வயசுக்காரர் தட்டுக்கு வருது. இவ்வளவு நோட்டுப் புஸ்தகமும் கை காட்டறது மலை மேலயே இருக்கற, நாலு மாசம் ஆன, 42 கிலோ இருக்கற பத்தொன்பது வயசுப் பொண்ணோட தட்டை. வயசானவர் சாமை சாப்பிடட்டும், நடக்கட்டும், பீடியை விடட்டும், எல்லாமே உதவும். அவருக்கு இதெல்லாம் ரிப்பேர் வேலை. அந்தப் பொண்ணு வீட்டுல நடக்கறது அஸ்திவாரம் போடற வேலை.

உங்க வீட்டுல அம்மா, பாட்டி பிரசவத்துக்குப் போன ஆஸ்பத்திரி சீட்டு, எடை எழுதின பழைய டைரி ஏதாவது இருந்தா தூக்கிப் போட்டுடாதீங்க. எங்க வீட்டுல தேடினேன். நட்சத்திரம், ராசி, பிறந்த நாழிகை, விநாடி வரைக்கும் ஜாதக நோட்டுல துல்லியமா இருக்கு. எடையை மட்டும் யாரும் எழுதலை.